குரங்குகளுக்கு உபகாரச் சம்பளம்



உழைத்து ஓய்ந்தவருக்கு முதுமையில் உணவும் உறைவிடமும் உண்டா என்பது ஒரு சமுதாயத்தின் தரத்தை அளந்தறியும் அளவுகோல்களுள் ஒன்று. அரசாங்க ஊழியருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் வழக்கம் இவ்வெண்ணத்தில் தோன்றியதே ஆகும். அது தருமம் அன்று; முன்னர்ப் பெற்ற உழைப்புக்காகப் பின்னர்ச் செலுத்தப்படும் கடன். மனிதருக்கு மனிதர் இக்கடனை ஒப்புக்கொள்வதற்கே நெடுங்காலம் ஆயிற்று. வாயில்லாப் பிராணிகளுக்கும் அத்தகைய கடன் உண்டு என ஒரு நாடு சட்டம் இயற்றிய வரலாற்றை இன்று காண்போம். அந்நாடு அமெரிக்கா, அப்பிராணிகள் ஆராய்ச்சிக்கூடங்களில் வாழ்நாளைக் கழித்த குரங்கினங்கள்.

முதலில் கடன் எவ்வாறு ஏற்பட்டது என்பதை அறிதல் வேண்டும். இரத்த தானம் செய்வோரின் அட்டையில் 'ஆர்எச்' என்று ஒரு குறிப்பு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1940-ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனர், வீனர் என்னும் இரு விஞ்ஞானிகள் கண்டறிந்த அந்த இரத்தக் கூற்றுக்கு, ரீஸஸ் என்னும் குரங்கின் பெயரே இடப்பட்டது. நம் வடநாட்டுக் கோயில்களிலும் கடைவீதிகளிலும் திரியும் செம்முகக் குரங்குதான் அது. இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்க ஜோனஸ் ஸால்க் உருவாக்கி, 1955 ஏப்ரலில் வெற்றி என அறிவிக்கப்பட்ட தடுப்பு மருந்தும், குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்த கிருமியைக் கொண்டு செய்யப்பட்டதே. அதற்காக இந்தியாவிலிருந்து ஆயிரமாயிரமாகக் குரங்குகள் கடல் கடந்து சென்றன. மருத்துவ ஆராய்ச்சிக்கும் தடுப்பு மருந்துக்கும் மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று நம் அரசாங்கம் நிபந்தனை விதித்தது. அதற்கு மாறாக அவை அணுக்கதிர்ச் சோதனைகளிலும் பயன்பட்டன என்ற செய்தி வெளியான பின்னர், 1978-இல் ஏற்றுமதி அடியோடு நிறுத்தப்பட்டது.

வாலில்லாக் குரங்கினத்தைச் சேர்ந்த சிம்பன்ஸியின் கதை வேறு. ஆப்பிரிக்கக் காடுகளில் பிடிக்கப்பட்ட சிம்பன்ஸிக் குட்டிகளை அமெரிக்க விமானப்படை 1950-களில் வாங்கி, நியூ மெக்ஸிகோ மாகாணத்தின் ஹாலொமன் தளத்தில் பயிற்றியது. அவற்றுள் ஒன்றாகிய 'ஹாம்' 1961 ஜனவரி 31-ஆம் நாள் விண்கலத்தில் ஏறியது. விளக்கு எரிந்தால் நெம்புகோலை அழுத்த வேண்டும்; தவறினால் உள்ளங்காலில் மின்னதிர்ச்சி. ஏறத்தாழ 17 நிமிடப் பயணத்தில் அது தன் வேலையைச் செவ்வனே செய்து மீண்டது. விண்வெளியிலும் கையும் மூளையும் இயங்கும் என்பது உறுதியாயிற்று. மூன்று மாதம் கழித்து ஆலன் ஷெப்பர்டு பறந்தார். அவருக்கு ஊர்வலமும் விருதும் கிடைத்தன. ஹாமுக்குக் கிடைத்தது வாஷிங்டன் மிருகக்காட்சி சாலையில் ஒரு கூண்டு. கூட்டமாக வாழும் இயல்புடைய அப்பிராணி 1963 முதல் 1980 வரை அங்கே தனித்து இருந்தது. பின்னரே வட கரோலினாவில் தன் இனத்தோடு சேர்க்கப்பட்டு, 1983-இல் இறந்தது.

பெயர் பெற்ற ஹாமின் நிலையே இதுவானால், பெயரற்றவற்றின் நிலை யாது? விண்வெளி வேலை முடிந்ததும் விமானப்படை தன் சிம்பன்ஸிகளை மருத்துவ ஆராய்ச்சிக்கு வாடகைக்கு விட்டது. 1980-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, அதற்கு மருந்து காணலாம் என்னும் நம்பிக்கையில் சிம்பன்ஸிகளை அரசாங்கமே பெருக்கிற்று. ஆனால் அந்நோய்க் கிருமி உடலிற் புகுந்தும் அவை பெரும்பாலும் நோயுறவில்லை. ஆகவே ஆராய்ச்சிக்கு அவை அவ்வளவாக உதவவில்லை. நூற்றுக்கணக்கான சிம்பன்ஸிகள் வேலையின்றிக் கூண்டுகளில் எஞ்சின. ஐம்பது ஆண்டுகள் வரை வாழக்கூடிய பிராணிகள் அவை. அவற்றுக்கு யார் சோறிடுவது? கொன்றுவிடலாமா? 1997-இல் இதனை ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சிக் குழு, எண்ணிக்கையைக் குறைப்பதற்காகக் கொல்லுதல் கூடாது என்று பரிந்துரைத்தது.

அப்பரிந்துரை சட்டமாக மலர்ந்தது 2000-ஆம் ஆண்டு டிசம்பரில். ஆராய்ச்சிக்கு இனி வேண்டாத அரசாங்கச் சிம்பன்ஸிகளுக்கு வாழ்நாள் முழுதும் புகலிடம் அளித்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நடத்தும் செலவில் நான்கில் மூன்று பங்கு அரசாங்கத்தினுடையது. ஒரு பங்கைப் பொதுமக்களின் நன்கொடையால் ஈட்ட வேண்டும். லூயிஸியானாவில் 200 ஏக்கர் நிலத்தில் அமைந்த 'சிம்ப் ஹேவன்' 2005-இல் முதல் சிம்பன்ஸிகளை வரவேற்றது. தேவைப்பட்டால் அவற்றை மீண்டும் ஆராய்ச்சிக்கு அழைக்கலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஓய்வு பெற்றவனை மீண்டும் நுகத்தில் பூட்டுவது ஓய்வாகுமா? 2007-இல் அச்சந்தும் அடைக்கப்பட்டது.

அரசாங்கம் செய்தது இவ்வாறிருக்க, தனியொருவராய் நின்று போராடியவர் கரோல் நூன் என்னும் பெண்மணி. விமானப்படை தன் சிம்பன்ஸிகளிற் பெரும்பாலானவற்றை ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே கொடுத்தபோது, அவர் வழக்குத் தொடுத்து 21 சிம்பன்ஸிகளை மீட்டார். அந்நிறுவனம் பொருளிழந்து நொடித்ததும், 2002-இல் நன்கொடை கொண்டு அதன் கூடத்தையே விலைக்கு வாங்கினார். அங்கிருந்த சிம்பன்ஸிகள் 266. புளோரிடாவில் நீர் சூழ்ந்த 12 தீவுகளை அமைத்து, சிறு சிறு குழுக்களாக அவற்றை அங்கே கொண்டு சென்றனர். 2009-இல் நூன் காலமானார். கடைசிக் குழு 2011-இல் தீவை அடைந்தது.

கூண்டைத் திறந்துவிட்டால் நலம் வந்துவிடும் என்று நீங்கள் எண்ணலாகாது. சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த சிம்பன்ஸிக்குப் புல்லே அச்சம் தரும்; கதவு திறந்திருந்தும் வெளியே கால் வைக்கத் தயங்கும். தனித்து வளர்ந்தது, தன் இனத்தாரோடு பழகும் முறையை அறியாது. ஆகையால் முதலில் கம்பி வலைக்கு இருபுறமும் வைத்து, ஒன்றை ஒன்று பார்க்கவும் தொடவும் விட்டு, பின்னரே இரண்டிரண்டாகச் சேர்த்து, படிப்படியாகக் குழு அமைப்பர். புதிய பிறவிகளால் சுமை ஏறாதபடி கருத்தடை செய்வர். இருதய நோய், சோதனையால் வந்த நோய், முதுமை ஆகியவற்றுக்கு மருத்துவரும் வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததே புகலிடம்.

2011-இல் ஒரு நிபுணர் குழு, சிம்பன்ஸிகளைக் கொண்டு நடக்கும் ஆராய்ச்சியிற் பெரும்பகுதி தேவையற்றது என்று கூறியது. 2015-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் தன் சிம்பன்ஸிகள் அனைத்துக்கும் ஓய்வளித்தது. எனினும் சிக்கல் தீரவில்லை. நியூ மெக்ஸிகோவில் எஞ்சியிருந்த 44 முதிய, நோயுற்ற சிம்பன்ஸிகள் பயணத்தைத் தாங்கமாட்டா. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அந்நிலையம் 2019-இல் முடிவு செய்தது. சட்டம் அளித்த உரிமையை அது மறுப்பதாகும் என்று பிராணி நலத்தார் வழக்காடினர். 2022 டிசம்பரில் நீதிமன்றம் அம்முடிவு சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. இரு தரப்பாரும் பிராணியின் நலத்தையே பேசினர் என்பதைக் கவனியுங்கள். பழகிய இடம் நலமா, திறந்த வெளி நலமா என்னும் கேள்வி, பெற்றோரின் முதுமையில் ஒவ்வொரு குடும்பத்திலும் எழும் கேள்விதான். வாழ்நாளின் இறுதியில் கொடுக்கப்படும் ஓய்வு இத்தகைய இக்கட்டில்தான் கொண்டு சேர்க்கும்.

இனி, நம் செம்முகக் குரங்குக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சிம்பன்ஸிக்கே உரியது. வாலுள்ள குரங்குகளுக்கு அதில் இடமில்லை. சிம்பன்ஸிகள் இருந்தவை நூற்றுக்கணக்கில். அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் குரங்குகளோ பல்லாயிரம். மேலும், செம்முகக் குரங்கின் உடலில் தங்கும் 'பி' வைரஸ் என்னும் கிருமி அதற்குப் பெருந்தீங்கு செய்யாது. மனிதனைக் கடித்தாலோ உயிரையே குடிக்கக்கூடும். எனவே புகலிடம் நடத்துவோர் அஞ்சுகின்றனர், செலவும் மிகுகிறது. ஆயினும் வழி இல்லாமலில்லை. நிக்கோட்டின் பழக்கத்தை ஆராய்வதற்காகச் சிறு அணிற்குரங்குகளை வைத்திருந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நான்கு குரங்குகள் இறந்ததும் எழுந்த கண்டனத்தால் 2018-இல் அச்சோதனையைக் கைவிட்டது. எஞ்சிய 26 குரங்குகள் புளோரிடாவில் உள்ள ஒரு புகலிடத்துக்கு அனுப்பப்பட்டன.

மனிதரே வறுமையில் வாடும்போது குரங்குக்குச் செலவிடுவதா என்று கேட்பார் உளர். அக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. ஆனால் அது கேட்கப்பட வேண்டிய நேரம் எது? ஆராய்ச்சி முடிந்த பின்னரன்று, தொடங்கும்போதே. கூண்டுக்கும் கருவிக்கும் ஊதியத்துக்கும் கணக்கிடுவோர், அப்பிராணியின் எஞ்சிய ஆண்டுகளுக்கும் கணக்கிட்டிருந்தால், பிற்காலத்தில் வழக்கும் வாதமும் எழுந்திரா.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை விஞ்ஞானிகள் ஆவீர்கள். பிராணிகளைக் கொண்டு சோதனை செய்யும் நிலை உங்களுக்கும் வரலாம். இப்பிராணி இல்லாமலே இதனை அறிய வழியுண்டா என்று முதலில் கேளுங்கள். வேறு வழி இல்லையெனில், திட்டத்தின் கடைசி ஏட்டில் ஒரு வரி எழுதுங்கள்: வேலை முடிந்தபின் இது எங்கே வாழும், யார் காப்பர், பணம் எங்கிருந்து வரும் என்று. ஹாமின் காலத்தில் அந்த வரியை எழுத ஒருவரும் இல்லை.