ஆஸ்திரோஸ்கி பிரபு வமிசம்

ஒரு குலத்தின் சரிதையை ஆராயப் புகுவோர் அக்குலத்தாரின் நிலபுலங்களையும் விருதுகளையும் எண்ணுவதோடு நின்றுவிடுதல் பெரும்பான்மை. போலந்தும் லிதுவேனியாவும் ஒருங்கிணைந்து ஆண்ட நாளில் மேலோங்கி நின்ற ஆஸ்திரோஸ்கி வமிசத்தாரை அவ்வளவுகோலால் அளந்தால், அவர்க்கு எஞ்சியது யாதுமில்லை என்றே முடிக்க நேரும். நாம் அவர்களை இங்கு எடுத்துரைப்பதன் காரணம் வேறு.

இவர்கள் ருதேனியர், அதாவது இன்றைய உக்ரேனியர்க்கும் பெலாருசியர்க்கும் முன்னோராகிய மக்களைச் சார்ந்தவர். மதத்தால் கீழைத் திருச்சபையினர். அச்சபையின் வழிபாடு பழைய ஸ்லாவிய பாஷையில் நடந்தது. அரசரும் அரசவையும் ரோமாபுரிச் சபையைச் சார்ந்தமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. வொலீனியா நாட்டில், தற்கால உக்ரேனுக்குள் அடங்கிய ஆஸ்திரோக் என்னுங் கோட்டை நகரமே இவர்கள் பெயர்க்கு மூலம்.

இவ்வமிசத்துச் சேனாதிபதி கான்ஸ்டான்டின் 1500-ஆம் வருஷம் வெட்ரோஷா யுத்தத்தில் மாஸ்கோவியரிடம் சிறைப்பட்டார். ஏழாண்டு சென்று தப்பி வந்து, 1514-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 8-ந் தேதி ஓர்ஷாவில் அதே மாஸ்கோவியரை முறியடித்தார். வெற்றிக் காணிக்கையாக வில்னா நகரில் தம் சபைக்குக் கோயில்கள் எடுப்பித்தார். 1530-இல் காலமானார்.

அவர் குமாரர் வாசில், தந்தையின் பெயரையும் தரித்துக் கான்ஸ்டான்டின் வாசில் எனப்பட்டார். 1559 முதல் 1608-இல் மரிக்குமளவும் கீவ் மாகாணத் தலைமை இவரிடம் இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்கள் இவர்க்கு உரியவாயிருந்தன என்பர். தம் மக்களின் பாஷையும் மதமும் கல்வியின்றி நில்லா என்று இவர் தெளிந்தார். 1576-இல் ஆஸ்திரோக்கில் ஸ்லாவியமும் கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் கலாசாலையை நிறுவினார். அவர் தமையன் மகள் ஹால்ஷ்கா, தம் ஆஸ்தியின் ஒரு பகுதியை 1579-இல் மரணசாசனத்தால் அதற்கு ஈந்தாள். பெண்ணொருத்தியின் இக்கொடையைச் சரித்திரக்காரர் பலர் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றனர். அது நமக்கு உடன்பாடன்று.

மாஸ்கோவில் அச்சுத்தொழில் நடத்தி, அந்நகரை விட்டு நீங்கிய இவான் பியோதரோவ் என்பாரைப் பிரபு வரவழைத்தார். மாஸ்கோவிலிருந்து கையெழுத்துப் பிரதி தருவித்து, கிரேக்க மூலத்தோடும் ஒப்பிட்டுப் பண்டிதர் திருத்தினர். 1581-இல் 628 ஏடுகள் கொண்ட முழு வேதாகமம் வெளிவந்தது. பழைய ஸ்லாவிய பாஷையில் முழுதும் அச்சேறிய முதல் வேதாகமம் இதுவே.

1596-இல் பிரெஸ்ட் நகரில் ருதேனிய மேற்றிராணிமார் சிலர் ரோமாபுரிக்கு உட்பட இசைந்தபோது பிரபு எதிர்த்து நின்றார். ஆயினும் அவர் முன்னர் இரு சபைகளின் ஒற்றுமையை விரும்பியவரே. கீழ்த்திசைப் பிதாக்களையும் தம்மையுங் கேளாமல் செய்தனர் என்பதே அவர் குறை. இதனை மறைத்துப் புகழ்வோர் அவர்க்கு நன்மை செய்தவராகார்.

இனி, அவர் இல்லத்தைப் பார்ப்போம். அவர் மனைவி ஸோபியா, போலந்துச் சேனாதிபதி டார்னோவ்ஸ்கியின் மகள், ரோமாபுரிச் சபையினள். மூத்த குமாரர் யானுஷும் அச்சபை புகுந்து கிராக்கோ கோட்டைத் தலைவராகி, ராஜசபையின் உலகியற் பிரபுக்களுள் முதலிடம் பெற்றார். ஊர்தோறும் பள்ளியும் அச்சகமும் எதிர்த்து நின்றாலும், பதவியும் கலியாணமும் அரண்மனை வாயிலில் நின்று அழைத்தன என்றே நாம் கருதுகிறோம். பழைய நெறியில் நின்ற மகன் அலெக்ஸாந்தர் தந்தைக்கு முன்னரே 1603-இல் இறந்தார். 1620-இல் யானுஷ் இறக்கவே ஆண் சந்ததி அற்றது.

கலாசாலையின் முதல் தலைவர் ஹெராசிம் ஸ்மோத்ரித்ஸ்கியின் மகன் மெலேத்தியஸ், 1610-இல் வெளியிட்ட புலம்பல் நூலில், திருச்சபையாகிய தாய் தன்னைப் பிரிந்த பிரபு குலங்களை எண்ணி அழுவதாக அமைத்தார். ஆஸ்திரோஸ்கி குலமும் அவற்றுள் ஒன்று. அங்ஙனம் புலம்பிய அவரே 1627-இல் ரோமாபுரியோடு ஒன்றிய சபை புகுந்தார்!

அலெக்ஸாந்தரின் மகள் அன்னா அலோய்ஸா, பாட்டனார் கலாசாலையிருந்த அதே ஊரில் 1624-இல் யேசு சபையார்க்குக் கல்லூரி அமைத்துக் கொடுத்தாள். பழைய கலாசாலை மெல்ல நலிந்து மறைந்தது. பங்கிடலாகாதென யானுஷ் 1609-இல் சாசனஞ்செய்த நிலங்களோ, ஸாஸ்லாவ்ஸ்கி முதலிய குடும்பங்களின் கைமாறி, 1753-இல் சாங்குஷ்கோ பிரபுவினால் பலர்க்கும் பகிரப்பட்டன.

1581-இல் அச்சிட்ட வேதாகமத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இன்றும் பல தேசத்துப் புத்தகசாலைகளில் உள்ளன. ஆஸ்திரோக்கில் 1994-இல் உக்ரேன் அரசினர் ஒரு கலாசாலையை மீண்டுந் திறந்து, அதற்குப் பழைய பெயரையே இட்டனர்.