பொம்மைக் குழந்தை பிறந்த கதை

மூச்சுவிடாமல் கிடக்கும் கைக்குழந்தை ஒன்றை ஒருமுறைகூடத் தொடாமல் எம்.பி.பி.எஸ். படித்து முடித்துவிட முடியும். குழந்தைகளுக்கு இதயம் நின்றுபோவது பெரியவர்களோடு ஒப்பிட்டால் மிக அரிது. அப்படி நேரும்போது கட்டிலைச் சுற்றிப் பேராசிரியரும் பி.ஜி. டாக்டர்களும் ஸ்டாஃப் நர்ஸும் நிற்பார்கள். மாணவன் சுவரோரம் ஒதுங்கி நிற்பான். அது சரியும்கூட. உயிர் ஊசலாடும் நேரத்தில் குழந்தையை அவன் கையில் கொடுத்துப் பழகிக்கொள் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் அதே மாணவன் சில ஆண்டுகளில் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரவுப் பணியில் தனியாக இருப்பான். சுவரோரத்துக்கும் அந்த இரவுக்கும் நடுவே அவன் கைகள் எங்கே பழகுவது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பொம்மைக் குழந்தை பிறந்தது.

அதன் முதல் பிறப்பு பிரான்ஸில். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்சலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி, கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டார். வந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்காகத் துணி, தோல், பஞ்சு கொண்டு ஒரு தாயின் இடுப்புப் பகுதியைத் தைத்தார்; உள்ளே வைக்க ஒரு சிசுவையும் தைத்தார். 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவரை நாடெங்கும் சென்று கற்பிக்கும்படி பணித்தார். சுமார் கால் நூற்றாண்டு ஊர் ஊராகப் போய் ஏறக்குறைய 5,000 பெண்களுக்குத் தாமே பாடம் நடத்தினார்.

அவர் தைத்தவற்றில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது துணிக்குள்ளே உண்மையான இடுப்பெலும்பு இருந்தது தெரிந்தது. பிறப்புவழி விரிவதைக் காட்ட நாடாக்களும் வார்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது சிசுவின் வாய். வெறும் கோடாகத் தைத்துவிடாமல், விரல் நுழையும்படி திறந்து, உள்ளே நாக்கும் வைத்திருக்கிறார். பிரசவத்தில் மருத்துவச்சியின் விரலுக்குத் தட்டுப்படுவது எது என்று அவருக்குத் தெரியும். கண்ணுக்கு அழகாக இருப்பது அவருக்குப் பொருட்டாக இல்லை. விரலுக்கு உண்மையாக இருந்தால் போதும். இன்றைக்கும் நல்ல பயிற்சிப் பொம்மைக்கு அதைவிடச் சிறந்த இலக்கணம் கிடையாது.

பிறகு இருநூறு ஆண்டுகள் தாண்டி நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரத்துக்கு வர வேண்டும். அங்கே ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் பொம்மைத் தொழில் நடத்திவந்தார். வாழ்த்து அட்டையிலும் சிறுவர் புத்தகத்திலும் தொடங்கி, மரப் பொம்மைக்குப் போய், மென்மையான பிளாஸ்டிக் வந்தபோது அதில் காரும் பெண்பொம்மையும் வார்த்தெடுத்தவர். அவருடைய மகன் தோரே இரண்டு வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்தான். தந்தையே வெளியே இழுத்து, மூச்சுக்குழலுக்குள் போன தண்ணீரை வெளியேற்றிக் காப்பாற்றினார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருத்துவர், வாயோடு வாய் வைத்து ஊதினால் உயிர் காக்கலாம் என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தார். தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்து மூச்சை நிறுத்தி, சாதாரண மக்களை ஊதச் சொல்லிச் சோதித்தார். ஆய்வு வென்றது. ஆனால் ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்க மனிதர்களை இப்படி மூச்சடக்கிக் கிடத்த முடியாதே! நார்வே மயக்க மருத்துவர் பியோர்ன் லிண்ட் இந்தச் செய்தியை லேர்டாலிடம் சேர்க்க, 1960-இல் ‘ரிசஸி ஆன்’ என்ற பெரியவர் அளவு பொம்மை வெளிவந்தது. பிரான்ஸின் சீன் நதியில் கிடைத்த பெயர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் முகவார்ப்பிலிருந்து அதன் முகத்தை எடுத்தார் லேர்டால். அந்த முகத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். தொண்டையைப் பற்றித்தான் எழுத வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தாவிட்டால் காற்று உள்ளே போகாது; நெஞ்சு எழும்பாது. தவறாகச் செய்தவருக்கு ஆசிரியர் வாய் திறப்பதற்குள் பொம்மையே சொல்லிவிடும்.

குழந்தைக்கு வந்தால் கணக்கே வேறு. கைக்குழந்தையின் பின்மண்டை பெரியது. மல்லாக்கக் கிடத்தினாலே கழுத்து மடிந்து மூச்சுவழி அடைபடும். சரி என்று பெரியவர்களுக்குச் செய்வதுபோல் ஒரேயடியாகப் பின்னால் சாய்த்தாலும் அடைபடும். நேராக, மோப்பம் பிடிப்பதுபோன்ற நிலையில் தலை நிற்க வேண்டும். ஊதும்போது குழந்தையின் வாயையும் மூக்கையும் நம் வாயால் சேர்த்து மூட வேண்டும். நெஞ்சில் இரண்டு கட்டைவிரல்களால் சுமார் 4 செ.மீ. அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு முதலில் திணறி, அதனால் இதயம் நிற்கிறது. ஆகவே காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் ஆம்பு பேக்கைப் பிடிக்கத் தெரிந்த கைதான் பிள்ளையைக் காக்கும் கை. கைக்குழந்தை அளவில் தனிப் பொம்மை தேவைப்பட்டது இதனால்தான்.

பொம்மை வந்தது மட்டும் போதவில்லை. 1980-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கேபா, விமானிகளின் பயிற்சியைப் பார்த்து, மயக்க மருத்துவக் குழுக்களைப் போலி அறுவை அரங்கில் நிறுத்திப் பழக்கினார். அதே பல்கலைக்கழகத்தின் பச்சிளங்குழந்தை மருத்துவர் லூயிஸ் ஹாலமெக் அந்த முறையைப் பிரசவ அறைக்குக் கொண்டுவந்தார். சற்று வளர்ந்த கைக்குழந்தைகளுக்கான பயிற்சியும் இதே முறைதான். மாணவர்கள் குழுவாக உள்ளே போகிறார்கள். ஆறு கிலோ எடையுள்ள கைக்குழந்தை என்று பொம்மையைக் கிடத்தியிருக்கிறார்கள், நாடித்துடிப்பு இல்லை. அட்ரினலின் ஆம்பூலில் இருப்பது ஒரு மில்லிக்கு 1 மி.கி.; கிலோவுக்கு 0.01 மி.கி. கொடுக்க வேண்டும். பத்து மில்லியாகக் கலக்கி அதில் 0.6 மில்லி எடுக்க வேண்டும். காகிதத்தில் நொடியில் போடுகிற கணக்கு இது. ஒருவர் நெஞ்சை அழுத்த, இன்னொருவர் உரக்க எண்ண, தாய் கதவருகே கதற, அங்கேதான் தசமப்புள்ளி இடம்மாறுகிறது. பொம்மைக்குப் பத்து மடங்கு மருந்து போனால் யாருக்கும் இழப்பில்லை. பிறகு வட்டமாக உட்கார்ந்து, யார் என்ன நினைத்தார்கள், ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்று பேசுகிறார்கள். உண்மையான பாடம் அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

2010-ஐ ஒட்டி, இந்தக் கதையில் எனக்கு மிக நெருக்கமான குழந்தை பிறந்தது. பெயர் ‘நியோநடாலி’. தந்தையின் நிறுவனத்தை ஏற்று நடத்திய தோரே லேர்டால், அதாவது தண்ணீரிலிருந்து மீட்கப்பட்ட அதே தோரே, ஏழை நாடுகளின் பிரசவ அறைகளுக்காக அதைக் கொண்டுவந்தார். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். வெதுவெதுப்பான நீர் ஊற்றி நிரப்பினால் பிறந்த குழந்தையின் கனமும் துவள்வும் வந்துவிடும். பக்கத்திலிருப்பவர் சிறு ரப்பர் குமிழைப் பிசைந்தால் தொப்புள்கொடி துடிக்கும்; இன்னொன்றைப் பிசைந்தால் அழும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் தொடங்கிய ‘குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்’ திட்டம் இந்தப் பொம்மையோடு பல நாடுகளுக்குப் போனது. தான்சானியாவின் எட்டு மருத்துவமனைகளில் முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 47 சதவீதம் குறைந்ததாக 2013-இல் ஆய்வு வெளியானது.

அதே தான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையில் கிடைத்த பாடம் இன்னும் பெரியது. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் பொம்மையிடம் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். ஆனால் பிரசவ அறையில் உண்மைக் குழந்தைகளிடம் மாற்றமே இல்லை. பிறகு பயிற்சியை வார்டுக்குள்ளேயே கொண்டுவந்து, சில நிமிடங்கள், அடிக்கடி என்று பழக்கினார்கள். அப்போதுதான் சாவுகள் குறைந்தன.

நம் நாட்டில் 2019 பாடத்திட்டத்துக்குப் பிறகு மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் கட்டாயமாகிவிட்டது. பொம்மைகளும் வாங்கப்படுகின்றன. கல்லூரி நடத்துகிறவர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். அவற்றை ஆய்வுக்குழு வரும் நாளுக்காகப் பூட்டி வைக்காதீர்கள். தலா ஒன்றையாவது லேபர் வார்டிலும் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவிலும், ஆம்பு பேக்கோடு கைக்கெட்டும் மேசையில் போட்டுவையுங்கள். டியூட்டி மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஹவுஸ் சர்ஜன்கள் தொட்டுப் பழகட்டும்.