வாஷிங்டன் எல்ம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரப் பொதுத்திடலை ஒட்டி, கார்டன் தெருவோரம் நின்றிருந்த எல்ம் மரம். 1775 ஜூலை 3 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் இதனடியில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த விடுதலைப் படையின் தலைமையை ஏற்றார் என்பது ஐதிகம். ஒரு தலைவரின் பெயரால் அமெரிக்காவில் போற்றப்பட்ட மரங்களுள் இதற்கு இணையான புகழ் பெற்றவை மிகச் சில.

ஐதிகத்தின் வரலாறு: வாஷிங்டனைப் படைத்தலைவராகக் குடியேற்றங்களின் பேரவையான கண்டப் பேராயம் தேர்ந்தெடுத்தது 1775 ஜூன் 15இல். பிரித்தானியருடனான பங்கர் குன்றுப் போர் முடிந்த சூட்டில், ஜூலை 2 அன்று அவர் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார், மறுநாள் பொறுப்பேற்றார். இதுவரை ஐயமில்லை. ஆனால் அணிவகுத்து நின்ற வீரர்களுக்கு முன்னே, மரநிழலில், அவர் வாளை உருவி உயர்த்தினார் என்னும் காட்சி பின்னாளில் புனையப்பட்டதே. அன்று பாசறையில் இருந்தவர்களின் நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் அப்படியொரு மரத்தடிச் சடங்கு இடம்பெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பள்ளிப் புத்தகங்களும் அச்சுப் படங்களும்தாம் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

1864இல் மரத்தடியில் கருங்கல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதிலுள்ள வாசகத்தை எழுதியவர் கவிஞர் லாங்ஃபெல்லோ என்பர். வாஷிங்டன் பாஸ்டன் முற்றுகையின்போது தங்கிய அதே வீட்டில்தான் அவர் வாழ்ந்தார். கல்லில் பொறித்த பிறகு, அந்த ஐதிகத்தை நெடுங்காலம் பலர் ஐயுறவில்லை. 1875இல் வாஷிங்டன் பொறுப்பேற்றதன் நூற்றாண்டு விழா நடந்தபோது கவிஞர் ஜேம்ஸ் ரசல் லோவெல் இம்மரத்தைப் பற்றித் தாம் எழுதிய கவிதையை வாசித்தார். அடுத்த ஆண்டு டாரதி டட்லி என்ற பெண்ணின் நாட்குறிப்பு அச்சேறியது. மரத்தடிக் காட்சியைக் கண்ணால் கண்டதுபோல் சொல்லும் அந்த நாட்குறிப்பு, உண்மையில் நாட்டு விடுதலையின் நூற்றாண்டு விழாவுக்காக எழுதப்பட்ட கற்பனை. ஆயினும் நெடுங்காலம் அது சான்றாகவே எடுத்தாளப்பட்டது. வரலாற்றாளர் சாமுவேல் பாச்செல்டர் 1925இல் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஐதிகத்தை மறுத்தார். ஊரே வணங்கிய ஒன்றை உள்ளூர்க்காரர் ஒருவரே மறுத்துரைத்தது பெரும் துணிவு.

வீழ்ச்சி: முதுமையாலும் நோயாலும் மரம் மெல்ல நலிந்தது. பட்ட கிளையொன்றை அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1923 அக்டோபர் 26 அன்று அடியோடு சாய்ந்தது. ஆண்டு வளையங்களைக் கொண்டு இதன் வயது இருநூறுக்குச் சற்று மேல் எனக் கணித்தனர். ஆகவே 1775இல் இது வளர்ந்த மரமாக அங்கே நின்றது என்பது மட்டும் மெய். நகராட்சி மரத்தைத் துண்டுகளாக்கிப் பல மாநிலங்களுக்கும் நினைவுப் பொருளாக அனுப்பிவைத்தது.

வழித்தோன்றல்கள்: மரம் உயிரோடிருந்தபோதே போத்துகள் எடுத்து வேறிடங்களில் நட்டனர். அவற்றுள் ஒன்று கண்டத்தின் மறுகோடிக்குப் போய், சியாட்டல் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் வேரூன்றியது. வரலாற்றுப் பேராசிரியர் எட்மண்ட் மீனி அதைப் பேணி வளர்த்தார். அதன் கன்று ஒன்று வாஷிங்டன் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவிலுள்ள தலைமைச் செயலக வளாகத்தில் நடப்பட்டது. தாய்மரத்தின் உயிரையே இவை தாங்கி நிற்பதால், கல்லையும் தகட்டையும் விட இவையே உயர்ந்த நினைவுச் சின்னங்கள். வாஷிங்டன் பிறந்த இருநூறாம் ஆண்டு நிறைவான 1932இல் நாடெங்கும் அவர் பெயரால் மரம் நடும் இயக்கம் நடந்தது. ஆனால் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, பட்டை வண்டுகள் பரப்பும் டச்சு எல்ம் நோய் என்னும் பூஞ்சை நோய் அந்நாட்டில் கண்டறியப்பட்டிருந்தது. பின்வந்த ஆண்டுகளில் சாலையோர எல்ம் மரங்களைப் பெருமளவில் அது அழித்தது.

இன்றைய நிலை: கேம்பிரிட்ஜ் பொதுத்திடலில் நினைவுக்கல் உள்ளது.