சொல் கேட்டு அளத்தல்: பேச்சுவழிச் செவித்திறன் ஆய்வின் வரலாறும் தமிழ் கேட்போரும்

முன்னுரை

செவித்திறன் இழப்பை அளக்க மருத்துவ உலகம் இருவகைச் சோதனைகளைக் கையாள்கிறது. ஒன்று, பல்வேறு அதிர்வெண்களில் தூய தொனிகளை எழுப்பி, ஒவ்வொன்றும் எந்த அளவில் காதுக்கு எட்டத் தொடங்குகிறது என்று காண்பது. மற்றொன்று, மனிதப் பேச்சையே ஒலிக்கச் செய்து, கேட்பவர் திருப்பிச் சொல்லும் சொற்களை எண்ணுவது. தொனிக்கு மொழி இல்லை. சொல்லுக்கு மொழி உண்டு. பேச்சுவழிச் சோதனையின் வலிமையும் இடர்ப்பாடும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன. இச்சோதனை வளர்ந்த வரலாற்றையும், வேற்றுமொழிச் சூழலில் வாழும் தமிழருக்கு அது எழுப்பும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குரலிலிருந்து கருவிக்கு

மருத்துவர் சில அடி தொலைவில் நின்று மெல்லப் பேசியும் முணுமுணுத்தும் நோயாளியின் காதைச் சோதிப்பது 19ஆம் நூற்றாண்டில் பரவலான வழக்கம். 1871இல் ஆஸ்கார் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் பேச்சொலிகளின் தன்மையை ஆராய்ந்து, அவற்றைக் காதுச் சோதனைக்குரிய அளவுகோலாக்க முயன்றார். ஆயினும் மருத்துவரின் குரல் நாளுக்கு நாள் மாறும். ஒருவர் குரல் மற்றொருவர் குரலாகாது. 1877இல் எடிசன் கண்ட ஃபோனோகிராஃப் இக்குறைக்கு மாற்றாயிற்று. ஒரே குரலை எத்தனை முறையும் மாறாமல் ஒலிக்கச் செய்யலாம் என்பதால், 1904இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரையண்ட் பதிவு செய்த பேச்சைக் கொண்டு சோதிக்கும் கருவியொன்றை அறிவித்தார்.

1920களின் நடுப்பகுதியில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 4ஏ ஆடியோமீட்டர் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. இசைத்தட்டிலிருந்து எண்கள் ஒலிக்கும். ஒலியளவு படிப்படியாகக் குறையும். செவிக்கருவி அணிந்த மாணவர்கள் கேட்ட எண்களைத் தாளில் எழுதுவர். ஒரே வேளையில் ஏறத்தாழ 40 பிள்ளைகளைச் சோதிக்க அது இடமளித்தது.

தொலைபேசியும் போரும்

பேச்சை அளக்கும் அறிவியல் காதுக்காகத் தோன்றியதன்று. தொலைபேசிக் கம்பிக்காகத் தோன்றியது. கம்பி வழியே செல்லும் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதை அறிய, அசைகளையும் சொற்களையும் அனுப்பி, மறுமுனையில் சரியாகக் கேட்கப்பட்டவற்றின் விழுக்காட்டைக் கணக்கிட்டனர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் ஸ்டைன்பெர்கும் 1929இல் இம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். அங்கே காது நலமானது என்று கொண்டு கம்பியைச் சோதித்தனர். பின்வந்தோர் கருவியை மாறாமல் வைத்துக் காதைச் சோதித்தனர்.

இரண்டாம் உலகப்போர் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. போர் விமான இரைச்சலில் கட்டளைகள் விளங்க வேண்டும் என்ற தேவைக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளஒலியியல் ஆய்வகம் சொற்பட்டியல்களை உருவாக்கியது. போரில் செவித்திறன் இழந்த வீரர்களுக்குப் பென்சில்வேனியாவின் டெஷான் இராணுவ மருத்துவமனையில் ரேமண்ட் கார்ஹார்ட் மறுவாழ்வுப் பணி ஆற்றினார். எந்தக் கேட்பொலிக் கருவி எவருக்குப் பொருந்தும் என்பதைத் தேர்ந்திட அவர் பேச்சுச் சோதனைகளையே துணைக்கொண்டார்.

இரண்டு அளவுகள்

இக்காலத்தில் நிலைபெற்ற அளவுகள் இரண்டு. முதலாவது, பேச்சுணர் தொடக்கநிலை: சொற்களில் பாதியைச் சரியாகத் திருப்பிச் சொல்ல இயலும் மிகக் குறைந்த ஒலியளவு. இதற்கு, இரண்டு அசைகளும் சம அழுத்தம் பெறும் 'ஏர்பிளேன்', 'பேஸ்பால்' போன்ற ஆங்கிலச் சொற்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவ்வளவு 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் தொனிகளின் சராசரியோடு பெரும்பாலும் ஒத்துவரும். ஒவ்வாதபோது சோதனையில் எங்கோ பிழை உள்ளது என்று கொள்வர்.

இரண்டாவது, சொல்லுணர் மதிப்பெண்: நன்கு கேட்கும் ஒலியளவில் ஓரசைச் சொற்களை ஒலிக்கச் செய்து, எத்தனை விழுக்காடு விளங்குகிறது என்று காண்பது. 1948இல் ஈகன் வெளியிட்ட பட்டியல்களில் 50 சொற்கள் வீதம் அமைந்தன. மொழியில் ஒலிகள் பயிலும் விகிதமே பட்டியலிலும் பேணப்பட்டது. 1952இல் செயின்ட் லூயிஸ் நகரின் காதுகேளாதோர் மைய நிறுவனத்தில் ஹிர்ஷ் குழுவினர் அரிய சொற்களை நீக்கி 200 சொற்களைக் கொண்ட புதிய பதிவை உருவாக்கினர்.

ஒலி உட்செல்லும் வழியில் மட்டும் தடை இருப்பவர், ஒலியைப் பெருக்கினால் ஏறத்தாழ எல்லாச் சொற்களையும் உணர்வர். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் சிதைந்தவருக்கு ஒலி கூடினும் தெளிவு முழுமையாகக் கூடாது. செவிநரம்பில் குறையுள்ள சிலருக்கு, ஓர் எல்லைக்குமேல் ஒலி பெருகப் பெருக மதிப்பெண் குறையும். 'கேட்கிறது, புரியவில்லை' என்னும் முறையீட்டுக்கு எண் வடிவம் தந்தது இச்சோதனையே.

எனினும் அந்த எண்ணைப் புனிதமாகக் கொள்ளலாகாது. 50 சொற்களில் பாதியை உணர்ந்தவர், செவி சிறிதும் மாறாத நிலையிலும், மறுமுறை 32 முதல் 68 விழுக்காடு வரை பெறக்கூடும் என்று 1978இல் தோர்ன்டனும் ராஃபினும் கணக்கிட்டுக் காட்டினர்.

இரைச்சலின் நடுவே

அமைதியான அறையில் நல்ல மதிப்பெண் பெற்றவர் திருமண வீட்டில் தடுமாறுவதுண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த பிளோம்ப், செவியிழப்பில் ஒலி மங்குதல், ஒலி சிதைதல் என இரு கூறுகள் உண்டு என்றும், இரைச்சலில் துன்பம் தருவது பின்னதே என்றும் விளக்கினார். 1979இல் அவரும் மிம்பனும் இரைச்சலில் வாக்கியங்களைக் கேட்பிக்கும் சோதனையை வெளியிட்டனர். அதே நாட்டில் 2003இல் இரைச்சலில் மூன்று மூன்று எண்களைக் கேட்பிக்கும் தொலைபேசிச் சோதனை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஈரசை உடைய ஏழும் ஒன்பதும் பிற எண்களிலிருந்து வேறுபட்டு எளிதில் அடையாளம் காணப்படும் என்பதால் டச்சுப் பட்டியலிலிருந்து அவை விலக்கப்பட்டன.

தமிழ் எழுப்பும் வினா

ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால் தமிழ்ச் சோதனை ஆகிவிடாது. தமிழில் பொருள் வேறுபடுத்தும் சொல்லழுத்தம் இல்லை. ஆதலின் சம அழுத்த ஈரசைச் சொல் என்ற வகையே இங்குப் பொருந்துவதில்லை. ஓரசைச் சொற்கள் உண்டெனினும், வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது என்பது இலக்கண மரபு. 'கல்', 'மண்', 'பால்' போல மெல்லினமும் இடையினமுமே ஈறாக வரும். உயர் அதிர்வெண் இழப்பில் முதலில் நழுவுவன சொல்லிறுதியின் வலுவற்ற உயர்சுருதி ஒலிகள்; ஆங்கிலப் பட்டியல் அவற்றைச் சொல்லிறுதியில் சோதிக்கிறது, தமிழ் ஓரசைச் சொல் சோதிக்க இயலாது. மேலும் பேச்சுவழக்கில் அவையே 'கல்லு', 'மண்ணு' என ஈரசையாகின்றன. எண்களும் அவ்வாறே: 'இரண்டு' எழுத்துவழக்கில் மூன்று அசை, 'ரெண்டு' இரண்டு அசை. எவ்வழக்கைப் பதிவு செய்வது என்பது முதலில் முடிவு செய்யப்பட வேண்டியது. தமிழகத்திலும் மைசூரிலும் 1970களில் தமிழ்ச் சொற்பட்டியல்கள் உருவாக்கப்பட்டன. ஈழம், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றின் பேச்சுவழக்குகள் தம்முள் வேறுபடுவதால், ஒரே பதிவு எல்லார்க்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

புலம்பெயர் நாட்டில் முதுமையடைந்த தமிழர் ஒருவர் ஆங்கிலப் பட்டியலில் சோதிக்கப்படும்போது நேர்வது இதனினும் கடுமையானது. தமிழ் எழுத்து வேறுபடுத்தாத ஒலிப்புடைய, ஒலிப்பற்ற மொழிமுதல் வல்லினங்களை அவர் மாற்றிச் சொன்னால், அது செவியின் பிழையா, மொழியின் பழக்கமா? பின்னாளில் கற்ற மொழியை இரைச்சலில் உணர்தல் நலமான செவிக்கும் கடினம். இவ்விரண்டையும் பிரித்தறியாத மதிப்பெண் இழப்பை மிகைப்படுத்தும்; கேட்பொலிக் கருவி பயன்தரவில்லை என்ற தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும்.

முடிவுரை

கம்பியைச் சோதித்த அறிவியல் காதைச் சோதிக்கும் அறிவியலாயிற்று. கம்பியையும் காதையும் போலவே கேட்பவரின் மொழியும் இச்சோதனையில் ஒரு கூறு என்பதை அதன் வரலாறு உணர்த்துகிறது. தமிழர் வாழும் நாடுகளின் மருத்துவமனைகளில் அவரவர் பேச்சுவழக்கில் பதிவு செய்த சொற்பட்டியல்கள் இடம்பெறும்வரை, தூய தொனிச் சோதனையோடு ஒப்பிட்டே பேச்சு மதிப்பெண்ணைக் கொள்ளுதல் தகும். அப்பட்டியல்களை ஆக்குவதற்கு ஒலியியலும் வட்டார வழக்கும் அறிந்த தமிழறிஞரின் துணை செவியியலாளருக்கு இன்றியமையாதது.