கெடிஸின் அறிக்கைகளும் டிர்விட்டின் கத்தரிக்கோலும்

"ஆளு பெரிய எம்டனா இருக்கானே" என்று நம்மூரில் இன்னமும் சொல்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் நம் பேச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல் அது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். அதே எம்டன் அடுத்த மாதம் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதோடு சேர்ந்து சென்னைக்கு வரவேண்டிய ஒரு கண்காட்சி முழுசாகக் கடலுக்குள் போய்விட்டது. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கண்காட்சிக்குச் சொந்தக்காரர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், படித்தது உயிரியல், வேலை டண்டீயில் தாவரவியல் பேராசிரியர். ஆனால் மனசு முழுக்க நகரங்கள்மேல். பல வருஷம் சேர்த்த வரைபடங்கள், பழைய நகரச் சித்திரங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார். 1913-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அதற்குப் பெரிய பரிசும் கிடைத்தது. சென்னை ஆளுநர் பெண்ட்லாண்ட் பிரபு அவருடைய நண்பர். அவர் கூப்பிட்டார் என்று கிளம்பி, மனிதர் மகனோடு வேறு கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார். சாமான்கள் வரவில்லை. லண்டன் நண்பர்கள் அவசர அவசரமாக மறுபடி சேகரித்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

கடலில் போன கண்காட்சி மூன்றே மாதத்தில் மீண்டும் எழுந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து அவர் எழுதியவைதான் முப்பது வருஷம் காணாமல் போயின. நகர ஆய்வு நூல்கள் எப்படி நூல்கள் ஆகின்றன, எவை ஆகாமல் போகின்றன என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1914-லிருந்து சுமார் பத்து வருஷத்தில் கெடிஸ் இந்தியாவில் ஐம்பதுக்கு நெருக்கமான ஊர்களைப் பற்றி எழுதினார். மதராஸ் மாகாணத்து ஊர்கள், பம்பாய் மாகாணத்து ஊர்கள், லக்னோ, பரோடா, டாக்கா, லாகூர், பல்ராம்பூர், இந்தூர். பக்கத்தில் கொழும்புக்கும் 1921-ல் ஓர் அறிக்கை. இதில் தஞ்சாவூரும் மதுரையும் உண்டு. நடந்தே சுற்றுவார், தெரு, சந்து, குளம், கோயில், பாழடைந்த வீடு எதையும் விடமாட்டார். அந்தக் காலத்து நகர மேம்பாடு என்றால் ஊருக்குக் குறுக்கே நேர்கோட்டில் அகலமாகச் சாலை இழு, குறுக்கே நிற்கும் வீட்டையெல்லாம் இடி என்பதுதான். சுகாதாரம், பிளேக் என்று காரணம் சொல்வார்கள். கெடிஸ் சொன்னது வேறு: இடிந்து விழப்போகிற நாலு வீட்டை மட்டும் எடுங்கள், காலி மனைகளைச் சேர்த்துச் சின்ன முற்றமாக்குங்கள், மரம் வையுங்கள், சந்து நெருக்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், குளத்தைத் தூர்க்காமல் சுத்தம் செய்யுங்கள். நோயாளியின் உடம்பைக் காப்பாற்றுகிற அறுவைச் சிகிச்சை மாதிரி. செலவும் குறைவு, குடியிருப்பவர்களுக்கும் போக்கிடம் இல்லாமல் போகாது.

இவ்வளவையும் எழுதினார், சரி. எந்த வடிவில்? அரசாங்க அறிக்கையாக. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். அறிக்கை என்பதும் அச்சடித்த பொருள்தான், ஆனால் அதற்கு வாசகர் என்று இருப்பவர் ஒரு திவானோ, கலெக்டரோ, நகராட்சித் தலைவரோ. புத்தகக் கடைக்கு வராது. பத்திரிகையில் மதிப்புரை வராது. லக்னோவில் அச்சானது சென்னையில் கிடைக்காது. இந்தூர் அறிக்கை 1918-ல் ஹோல்கர் சமஸ்தான அச்சகத்தில் இரண்டு தொகுதியாக வந்தது. ஒரு பல்கலைக்கழகம் எப்படி இருக்கவேண்டும் என்கிற யோசனைகூட அதற்குள் இருக்கிறது. ஒரு சமஸ்தானத்து அலமாரிக்குள் அப்படி ஒரு விஷயம் இருக்கும் என்று யார் தேடப்போகிறார்கள்?

அதே 1918-ல் லண்டன் கான்ஸ்டபிள் பதிப்பகம் 'மதராஸில் நகரத் திட்டமிடல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டது. எழுதியவர் எச்.வி. லாஞ்செஸ்டர், கட்டடக் கலைஞர், கெடிஸின் நண்பர், மதராஸ் அரசுக்கு ஆலோசகராக வந்தவர். அதே மாகாணம், ஏறக்குறைய அதே வருஷங்கள். ஒன்று புத்தகமாக நூலகங்களுக்குப் போயிற்று, இன்னொன்று கோப்போடு போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, 1920-ல், மதராஸ் நகரத் திட்டச் சட்டமும் வந்துவிட்டது.

கெடிஸுக்குப் பதிப்பாளர் கிடைக்காமல் இல்லை. 'பரிணாமத்தில் நகரங்கள்' என்று சொல்லத்தக்க அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1915-ல் லண்டனில் வந்தது. பெரும்பாலும் இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய யோசனைகள். இந்தியாவிலிருந்து அவர் எழுதி லண்டன் லாங்மன்ஸ் 1920-ல் வெளியிட்ட புத்தகம் எதைப் பற்றித் தெரியுமா? ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாறு! விஞ்ஞானிக்குப் புத்தகம் கிடைத்தது, ஐம்பது ஊருக்கும் கிடைக்கவில்லை. தென்னிந்தியக் கோயில் நகரங்கள் பற்றி 1919-ல் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அது விரிந்து நூலாகியிருக்கலாம்.

குறை அவர் பக்கமும் இருந்தது. காகிதத்தை மடித்து மடித்துக் கட்டம் கட்டமாக யோசிக்கிறவர் அவர். பேச்சு அருவி, எழுத்து முள்ளுக்காடு. அமெரிக்காவில் லூயிஸ் மம்ஃபோர்டு என்கிற இளைஞரைச் சீடராகப் பிடித்து, என் தாள்களையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடு என்று எதிர்பார்த்தார். மம்ஃபோர்டு தன் சொந்தப் புத்தகங்களை எழுதப் போய்விட்டார். அதை நான் தப்பு சொல்லமாட்டேன். 1917 ஒரே வருஷத்தில் மகன் போரில் இறந்தார், மனைவி இந்தியாவிலேயே காய்ச்சலில் இறந்தார். அதற்குப் பிறகும் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் 1924 வரை சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1932-ல் பிரான்சில் காலமானார். அறிக்கைகள் அறிக்கைகளாகவே இருந்தன.

அவற்றைத் தேடி எடுத்தவர் ஜாக்குலின் டிர்விட். போர்க்காலத்தில் லண்டனில் திட்டமிடல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை நடத்தி, போர்வீரர்களுக்கு அஞ்சல்வழியில் நகரத் திட்டமிடல் கற்றுக்கொடுத்தவர். 1947-ல் லண்ட் ஹம்ப்ரீஸ் பதிப்பகம் அவர் தொகுத்த 'இந்தியாவில் பேட்ரிக் கெடிஸ்' நூலை வெளியிட்டது. நூறு பக்கத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அறிமுகம் மம்ஃபோர்டு. முன்னுரை லாஞ்செஸ்டர்! முப்பது வருஷத்துக்கு முன்னால் தன் புத்தகத்தைப் போட்டுவிட்ட அதே மனிதர்.

டிர்விட் செய்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நூறு பக்கம் இல்லாவிட்டால் கெடிஸின் இந்தியா வெளியுலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் அவர் ஊர் வாரியாகத் தொகுக்கவில்லை. கருத்து வாரியாகத் தொகுத்தார். தஞ்சாவூரிலிருந்து ஒரு துண்டு, பல்ராம்பூரிலிருந்து ஒரு துண்டு, இரண்டையும் ஒரு தலைப்பின் கீழே வை. 1947-ன் லண்டன் வாசகருக்கு அதுதான் தேவைப்பட்டது. குண்டு விழுந்த தங்கள் நகரங்களை எப்படி மறுபடி கட்டுவது என்று அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூரின் சந்து எங்கே நெருக்குகிறது என்பது அவர்களுக்கு எதற்கு? ஆக, ஒரு நகராட்சிக்குச் சொன்ன யோசனை உலகத்துக்கே பொதுவான கோட்பாடாக மாறியது. ஊர் வெறும் உதாரணமாக நின்றது. இன்றைக்கும் திட்டமிடல் படிக்கும் மாணவர்களுக்குக் கெடிஸின் 'பாதுகாப்பு அறுவைச் சிகிச்சை' தெரிந்திருக்கும். எந்த ஊரில், எந்த வீட்டுக்காக அதைச் சொன்னார் என்று கேட்டால் முழிப்பார்கள்.

டிர்விட் 1949-ல் 'பரிணாமத்தில் நகரங்கள்' நூலின் மறுபதிப்பிலும் கை வைத்தார். சில அத்தியாயங்களை எடுத்தார், வேறு சிலவற்றைச் சேர்த்தார். மேற்கோள் காட்டுகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஊர் ஊராகவே மறுபடி அச்சேறியதும் ஒருமுறை நடந்திருக்கிறது. பம்பாய் மாகாணத்தின் ஆறு ஊர்களைப் பற்றி 1915-ல் அவர் எழுதியவற்றை மகாராஷ்டிர அரசு 1965-ல் தன் அச்சகத்திலேயே மறுபதிப்பு செய்தது. முன்னுரைக்கு மம்ஃபோர்டு யாரும் இல்லை. ஆனால் தன் ஊரைத் தேடி வருகிறவனுக்கு அவன் ஊர் அதில் முழுசாக இருக்கிறது.