திருகோணமலைத் துறையும் கடலோடிகளின் எழுத்தும்

திருகோணமலைக் கோட்டை வாயிலில் இரு கயல்களின் உருவமும் அவற்றை அடுத்துத் தமிழ்ச் சாசனம் ஒன்றும் காணப்படுகின்றன. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். கயல்களைப் பாண்டியரோடு தொடர்புபடுத்துவது ஆய்வாளர் வழக்கம். 13ஆம் நூற்றாண்டிற் சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையிற் கயல் இலச்சினையைப் பொறித்ததாகக் குடுமியான்மலைச் சாசனம் கூறுவது இதற்கு ஆதாரமாகும். ஆயினும், கீழைத்தேயத்தின் பெருந்துறைகளுள் ஒன்றின் வாயிலில் உள்ள இவ்வெழுத்திற் கடலோடி ஒருவனின் பெயரேனும் இல்லை என்பதை நாம் அரிதாகவே கவனிக்கின்றோம்.

துறையின் பின்னிலமாகிய கந்தளாயிலும் நிலைமை இதுவே. முதலாம் விஜயபாகுவின் (1055–1110) 42ஆம் ஆட்சியாண்டுக்குரிய பளமோட்டைச் சாசனம், கந்தளாயை விசயராச சதுர்வேதிமங்கலம் எனக் குறிப்பிடுகின்றது. பிராமணப் பெண்ணொருத்தி கணவனைக் குறித்துக் கோயிலுக்கு அளித்த தானமும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற வேளைக்காரப் படையினரும் அதிற் பதிவாகியுள்ளனர். கல்லிற் பொறிப்பதற்குப் பொருளும் வேண்டும், ஓரிடத்தில் நிலைத்திருத்தலும் வேண்டும். காற்று மாறியதும் பாய் விரிப்பவனுக்கு இவ்விரண்டும் ஏது?

அரசன் கடலை நோக்கிப் பேசிய சாசனமும் நம்மிடம் உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், பரதேசிகள் ஊராத்துறைக்கே வருதல் வேண்டும், அவர்கள் காக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி. யானை அரசனுக்கு வேண்டிய பொருள், ஆதலால் அதற்குச் சலுகை! கணக்கு முழுவதும் சரக்கைப் பற்றியதே. கலத்தைச் செலுத்தியோர் கணக்கிற் சேரவில்லை.

கடலோடியின் பெயர் நமக்குக் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. அநுராதபுரத்திலே தமிழ்க் கிருகபதிகளின் மாளிகைக்குரிய பிராமிச் சாசனத்தில், இருக்கைக்கு உரியோருள் ஒருவன் நாவிகனாகிய காரவன். இது நிலைகொண்டோர் நடுவில் அவன் பெற்ற இடம். கடலோடிகள் தம் கையாலேயே எழுதியதைக் காண, அரபிக் கடலிலுள்ள சொகொத்திரா தீவுக்குச் செல்லவேண்டும். அங்குள்ள ஹொக் குகையில் ஏறத்தாழ 250 எழுத்துக்களும் வரைவுகளும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டறியப்பட்டன. கரியாலும் சேற்றாலும் எழுதப்பட்டவையும் கீறப்பட்டவையும் அவற்றுள் உள. பெரும்பாலானவை பிராமி எழுத்திலானவை. பருகச்சத் துறையிலிருந்து வந்தோர் பலர். தம் பெயர், தந்தை பெயர், ஊர். சிலர் கப்பல் உருவும் வரைந்தனர். அதற்குமேல் அவர்கள் கூறுவது அரிது. அண்மைக் காலத்தில் மஸ்கட் துறையைச் சூழ்ந்த பாறைகளில் மாலுமிகள் தத்தம் கப்பலின் பெயரை வண்ணத்தாற் பெரிதாகத் தீட்டிச் சென்றதும் இதே மரபினது எனலாம்.

கரியும் வண்ணமும் குகையின் இருளில் நிலைக்கும். வாடை மழை நேரே அறையும் திருகோணமலைப் பாறையில் நிலைக்கமாட்டா. எழுத்து எஞ்சாமை, எழுதியோர் இல்லாமைக்குச் சான்றாகாது.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. எமது காலத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கற்கள் நிலவுரிமை வழக்கின் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. பிராகிருதச் சொல் கண்டால் ஒருவர் உரிமை கொண்டாடுகின்றார். கயல் கண்டால் மற்றொருவர். கயல் ஒரு படையெடுப்பின் அடையாளம் என்பதையோ, காரவனைத் தமிழரோடு சேர்த்துக் கூறும் சாசனம் பிராகிருதத்திலானது என்பதையோ இருசாராரும் பேசுவதில்லை. ஹொக் குகை எழுத்துக்களைக் கொண்டு சொகொத்திரா கூர்ச்சரருக்கு உரியது என எவரும் வாதிட்டதாக நாம் அறியோம். செங்கடற்கரைக் குசைர் அல்-கதீமில் றோமர் காலத்துப் பானையோடு ஒன்றிற் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதியவன், தன் உறி எதுவென்று அறியவே எழுதினான்.