நெசவாளியா, வலைஞனா?

பல மொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழராகிய நமக்கு ஒரு நற்பேறு உண்டு. ஒரே பொருளுக்கு அண்டை வீட்டார் இட்டு வழங்கும் பெயரைக் கேட்டு, நம் பெயரோடு ஒப்பிட்டு மகிழலாம். சிலந்தியையே எடுத்துக்கொள்வோம். தெலுங்கு நாட்டில் அதனைச் 'சாலெபுருகு' என்பர். 'சாலெ' என்றால் நெசவுத் தொழிலாளர். 'புருகு' என்றால் பூச்சி. ஆகவே தெலுங்கர்க்குச் சிலந்தி ஒரு நெசவுப் பூச்சி. மராத்தியர் அதனைக் 'கோளி' என்பர். மும்பைக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழும் மக்களுக்கும் அதுவே பெயர். ஆகவே மராத்தியர்க்குச் சிலந்தி ஒரு வலைஞன்.

வடமொழி நிகண்டாகிய அமரகோசம் சிலந்திக்குத் தரும் பெயர்களுள் 'தந்துவாயம்' என்பது ஒன்று. நூல் நெய்வது என்பது அதன் பொருள். நம் தமிழிலோ, சங்க நூல்கள் 'சிலம்பி' எனக் குறிக்கும் இவ்வுயிர் கட்டுவதை நாம் வலை என்றே சொல்கிறோம். வீட்டு மூலையில் தூசி படிந்து தொங்கும்போதுதான் அது ஒட்டடை என்றும் நூலாம்படை என்றும் பெயர் மாறித் துடைப்பத்துக்கு இரையாகிறது.

நெசவாளி, வலைஞன் என்னும் இவ்விரு பெயர்களுள் எது பொருந்தும்? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சிலந்தியை மனிதன் அறிய முயன்ற வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பண்டையோர் பெரும்பாலும் நெசவாளி என்றே கருதினர். கிரேக்கக் கதையில் அரக்னி என்பாள் நெசவில் வல்லவள். தெய்வத்தோடு போட்டியிட்டு நெய்த குற்றத்துக்காகச் சிலந்தியாக மாற்றப்பட்டாள். நம் திருவானைக்காவின் தலபுராணத்தில் ஒரு சிலந்தி, சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி நூலால் விதானம் அமைக்கிறது. யானை அதனை அழிக்க, இரண்டுக்கும் பகை மூள்கிறது. அச்சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து பல கோயில்களைக் கட்டியது என்பது வரலாறாக வழங்கும் நம்பிக்கை. இவ்விரு கதைகளிலும் சிலந்தி துணி நெய்கிறது, இரை பிடிக்கவில்லை.

நூல் எங்கிருந்து வருகிறது என்பதிலும் பழங்காலத்திலேயே வழக்கு இருந்தது. உடலின் உள்ளிருந்தே வருகிறது என்றார் கிரேக்க அறிஞர் டெமாக்ரிடஸ். அரிஸ்டாட்டில் அதனை மறுத்து, மரத்திலிருந்து பட்டை உரிவதுபோல் உடலின் புறத்திலிருந்து வருகிறது என்றார். இதில் பிழைபட்டவர் அரிஸ்டாட்டிலே. நம் நாட்டில் முண்டக உபநிடதம், அழிவற்ற பொருளிலிருந்து உலகம் தோன்றுவதற்குச் சிலந்தியை உவமை காட்டுகிறது. சிலந்தி நூலை வெளியே விடுகிறது, பின் உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பது அவ்வுவமை. 'உள்ளே வாங்கிக்கொள்கிறது' என்னும் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

சிலந்தி நெசவாளி என்றால், அதனிடம் பட்டு வாங்கலாமே என்ற ஆசை மனிதனுக்குத் தோன்றியது இயல்பே. பிரெஞ்சு தேசத்தில் மோன்பெல்லியே நகரைச் சேர்ந்த போன் என்னும் பெரிய அதிகாரி, சிலந்தி முட்டைப் பைகளின் நூலைக் கொண்டு காலுறைகளும் கையுறைகளும் செய்வித்து, 1709-ஆம் ஆண்டில் அறிஞர் அவை முன் வைத்தார். அவை வியந்தது. இத்தொழில் நாட்டுக்கு வருவாய் தருமா என ஆராயும் பொறுப்பு ரேயோமூர் என்னும் விஞ்ஞானியிடம் ஒப்படைக்கப்பட்டது.

1710-இல் ரேயோமூர் தந்த விடை ஏமாற்றமாகவே இருந்தது. ஒரு ராத்தல் பட்டுக்கு 27,000-க்கு மேற்பட்ட சிலந்திகள் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அதைவிடப் பெரிய தடை வேறொன்று. பட்டுப்புழுக்கள் ஒரே தட்டில் ஆயிரக்கணக்கில் அமைதியாக இலை தின்னும். சிலந்திகளை ஒன்றாக அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி அறையும், தின்ன உயிருள்ள பூச்சியும் கொடுத்து எந்தத் தொழிற்சாலை நடத்த முடியும்?

ஆயினும் ஆசை அடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மடகாஸ்கர் தீவில் கம்புவே என்னும் பாதிரியார், பொன்னிற நூல் விடும் பெரிய சிலந்திகளிடமிருந்து நேரே நூல் இழுக்கும் முறையை வகுத்தார். அவ்வழியைப் பின்பற்றி அதே தீவில் சைமன் பீர்ஸ், நிக்கொலஸ் காட்லி என்னும் இருவர் நெய்வித்த பொன்னிறத் துணி 2009-இல் நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டது. நூல் எடுத்தபின் சிலந்திகளை மீண்டும் காட்டில் விட்டுவிட்டனர். அந்த ஒரு துணிக்குத் தேவைப்பட்ட சிலந்திகள் பத்து இலட்சத்துக்கு மேல். சென்ற காலம் நான்கு ஆண்டுகள். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் கடைத்தெருவுக்கு வரும் சரக்கன்று. மூன்று நூற்றாண்டுக்கு முன் ரேயோமூர் போட்ட கணக்கு பொய்யாகவில்லை.

சிலந்தி நமக்கு நெய்து தர மறுப்பதன் காரணம் என்ன? அது வலைஞனாக இருப்பதே. மீன்பிடிப்பவன் தன் துறையில் மற்றொருவன் வலை வீசுவதைப் பொறுப்பானா? நூலை நமக்குரிய பொருளாகப் பார்க்காமல், சிலந்தியின் பசியோடு சேர்த்துப் பார்த்தபின்னரே உண்மை விளங்கலாயிற்று.

தோட்டத்தில் வட்ட வலை கட்டும் சிலந்தி தொழில் செய்யும் முறையைக் காண்போம். ஒரு கிளையில் நின்று வயிற்றின் முனையிலிருந்து மெல்லிய நூலைக் காற்றில் விடுகிறது. அந்நூல் எதிர்க்கிளையில் பட்டு ஒட்டிக்கொண்டதும் இழுத்து இறுக்குகிறது. அதுவே முதற் பாலம். பாலத்தின் மேல் சென்று, தொய்வாக இன்னொரு நூல் கட்டி, அதன் நடுவிலிருந்து கீழே இறங்கி முடிச்சிடுகிறது. மூன்று கிளை கொண்ட கவையொன்று இவ்வாறு உருவாகிறது. கவை கூடும் இடமே வலையின் நடுப்புள்ளி. அங்கிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் நூல்களைச் சட்டத்துக்கு ஓட்டுகிறது. பின் நடுவிலிருந்து வெளிநோக்கி அகன்ற சுருளொன்றைச் சுற்றுகிறது. இதில் பசை கிடையாது. வீடு கட்டுவோர் எழுப்பும் சாரம் போன்றது இது. கடைசியாக வெளியிலிருந்து உள்நோக்கித் திரும்பி, நெருக்கமான பசைச் சுருளைப் போட்டுக்கொண்டே, சாரத்தைப் பிரித்து எடுத்துவிடுகிறது.

இத்தனையும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஏறக்குறைய 20 மீட்டர் நூல் செலவாகும் இவ்வலையின் எடை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வலை கட்டும் பெண் சிலந்தியின் வயிற்றில் ஏழு வகைச் சுரப்பிகள் உள்ளன. சட்டத்துக்கும் ஆரத்துக்கும் ஒரு நூல். அதே எடையுள்ள எஃகைவிட வலியது. சுருளுக்கு வேறொரு நூல். பூச்சி மோதினால் அறாமல் நீண்டு, அதன் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். இரையைச் சுற்றிக் கட்ட ஒன்று, முட்டையைப் பொதிய ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று. இவை யாவும் உள்ளே புரதக் குழம்பாக இருந்து, வெளியே இழுபடும்போதே கெட்டியாகின்றன.

வலை கட்டிய பின் சிலந்தி நடுவில் அமர்ந்து, எட்டுக் கால்களையும் ஆரங்களின்மேல் வைத்துக் காத்திருக்கிறது. வட்ட வலைச் சிலந்திக்குக் கண்பார்வை கூர்மையன்று. வலையின் நடுக்கமே அதன் கண்ணும் காதும். விழுந்தது சருகா, ஈயா, கொட்டும் குளவியா என்பதை நடுக்கத்தைக் கொண்டே உணர்கிறது. துணை தேடி வரும் ஆண் சிலந்தியும் நூலை முறையாக மீட்டித் தன்னை அறிவிக்க வேண்டும். இன்றேல் இரையென்று எண்ணப்பட்டு மாள நேரும்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், இத்தொழிலை அளந்து ஆராயத் தொடங்கினர். 1948-இல் ஜெர்மனியில் பீட்டர்ஸ் என்னும் விலங்கியலறிஞருக்கு ஒரு தொல்லை இருந்தது. அவருடைய சிலந்திகள் விடியற்காலையில் வலை கட்டின. அதற்காக அவர் தூக்கம் கெட்டு விழித்திருக்க வேண்டியிருந்தது. நேரத்தை மாற்ற மருந்துண்டா என்று அவர் கேட்க, விட் என்னும் மருந்தியலறிஞர் சில மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நேரம் மாறவில்லை, வலையின் வடிவம் மாறியது. மருந்துக்கேற்ப வலை சிதைந்தும் சுருங்கியும் போயிற்று. சிலந்தியின் உடல்நிலையை அதன் வலையே எழுதிக் காட்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1973-இல் அமெரிக்க மாணவி ஜூடித் மைல்ஸ் கூறிய யோசனைப்படி, அரபெல்லா, அனிடா என்னும் இரு சிலந்திகள் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. எடையற்ற நிலையில் அரபெல்லாவின் முதல் முயற்சி அலங்கோலமாகவே இருந்தது. சில நாளில் பழகிக்கொண்டு ஒழுங்கான வட்ட வலை கட்டியது. நூல்தான் பூமியில் விடுவதைவிட மெல்லியதாக இருந்தது. மேல் கீழ் என்பது அற்றுப்போன இடத்திலும் அது தன் தொழிலைக் கைவிடவில்லை.

இனி, உபநிடதத்தின் உவமைக்குத் திரும்புவோம். தூசி படிந்தால் வலையின் பசை கெடும். ஆகவே தோட்டச் சிலந்திகள் பல நாள்தோறும் வலையைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகின்றன. பிரித்த நூலை எறிவதில்லை, தின்றுவிடுகின்றன. பீக்கால் என்னும் ஆராய்ச்சியாளர் கதிரியக்கக் குறியிட்ட நூலைத் தின்னவிட்டுப் பார்த்தார். தின்ற நூலின் பெரும்பகுதி விரைவில் புதிய வலையில் மீண்டும் வெளிவந்ததை 1971-இல் அறிவித்தார். உபநிடத முனிவர் ஆய்வுக்கூடம் நடத்தவில்லை. அவர் கூற வந்ததும் வேறு பொருள். ஆனால் கண்ணாற் கண்டது சரியாகவே இருந்தது. தன் உடம்பையே நூலாக்கி முதலீடு செய்யும் வலைஞனுக்கு, இரை சிக்காத நாளில் அந்த முதலாவது திரும்பி வரவேண்டும். வரவு செலவில் இத்துணைச் சிக்கனம் இல்லையேல், பசி நாட்களை அது கடந்து வாழ இயலாது.

உலகில் 50,000-க்கு மேற்பட்ட சிலந்தி இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவை எல்லாம் வலை கட்டுவதில்லை. பாய்ந்து பிடிப்பனவும் பதுங்கிப் பிடிப்பனவும் பல. ஆனால் நூல் விடாத சிலந்தி இல்லை. குஞ்சுகளுக்கு அந்நூல் கப்பற்பாயும் ஆகிறது. உயரமான இடத்தில் ஏறி நின்று நூலை விட்டு, காற்றில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். 1832-இல் பீகிள் கப்பலில் சென்ற டார்வின், கரையிலிருந்து 60 மைல் தொலைவில், கப்பலின் கயிறுகளில் சின்னஞ்சிறு சிலந்திகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியதைக் கண்டு எழுதியிருக்கிறார். வளிமண்டலத்தின் மின்புலமும் இவற்றை மேலெழுப்ப உதவுகிறது என்பதை 2018-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

1883 ஆகஸ்டு மாதம், சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள கிரகத்தோவா தீவு எரிமலையால் வெடித்துச் சிதறியது. எஞ்சிய நிலம் சாம்பலால் மூடப்பட்டது. ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதத்தில், பிரெஞ்சுக் குழுவினருடன் சென்ற கொத்தோ என்பவர் அங்கே உயிர் ஏதேனும் உண்டா எனத் தேடினார். புல் இல்லை, புழு இல்லை. அவர் கண்டது ஒரே ஒரு நுண்ணிய சிலந்தி. கடல் கடந்து, காற்றோடு வந்து சேர்ந்திருந்தது. அச்சாம்பல் நிலத்தில் அது வலை கட்டிக்கொண்டிருந்தது.

நெசவாளியா, வலைஞனா என்னும் கேள்விக்கு இனி விடை கூறலாம். கையினால் நெசவாளி, வயிற்றினால் வலைஞன். தெலுங்கர் அதன் திறமையைக் கண்டு பெயரிட்டனர். மராத்தியர் அதன் பிழைப்பைக் கண்டு பெயரிட்டனர். இரு பெயரும் சேர்ந்தால்தான் உருவம் முழுமை பெறுகிறது. பிறந்த மண்ணைவிட்டு வந்த இடத்தில் முதல் நூலைக் காற்றில் விட்டுப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர். நூல் எங்கோ ஓரிடத்தில் ஒட்டியது. மற்றவற்றை நாமே கட்டினோம். ஆதலின், அடுத்த முறை துடைப்பத்தை எடுக்கும்போது, மூலையில் அமர்ந்திருக்கும் அவ்வலைஞனைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் துடைப்போமாக.